புது பேட்டரி, புது கார்பன், ஆனாலும் செல்ஃப் முக்கி முக்கித்தான் சுற்றுகிறது

#1 சாவித்துவாரம்

எட்டு வயதான பெட்ரோல் கார், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், மேனுவல் கியர், 96,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேலாக ஒரே தொல்லை. சாவியைத் திருப்பினால் என்ஜின் சுற்றத்தான் செய்கிறது, ஆனால் ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவர் போல உர்ர்ர்... உர்ர்ர்... உர்ர்ர்... என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முக்குகிறது. கடைசியில் எப்படியோ பிடித்துக்கொள்ளும். பிடித்தபிறகு ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை.

காலையில் முதல் ஸ்டார்ட் பரவாயில்லை. அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எங்காவது நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தால்தான் மோசம். போன வாரம் ஒரு தடவை பின்னால் வண்டி ஹாரன் அடிக்க, இரண்டு முறை திருப்பி, மூன்றாவது முறைதான் எடுத்தது.

இதுவரை செய்தது: இரண்டு மாதம் முன்பு பேட்டரி மாற்றினேன், 45 ஆம்பியர் அவர். இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி தோன்றியது, அப்புறம் பழைய கதை. பிறகு செல்ஃப் மோட்டாரை (என்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர்) கழற்றி, உள்ளே உரசிக் கரண்ட் கொடுக்கும் கார்பன், தண்டைத் தாங்கும் புஷ் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கும் மசியவில்லை. இப்போது செல்ஃபையே புதிதாக வாங்கிப் போடச் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன். என்னிடம் ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருக்கிறது, பேட்டரியில் வைத்தால் 12.6 காட்டுகிறது.

#2 வேகத்தடை

பேட்டரிதான். புதுசு என்று கொடுப்பதெல்லாம் புதுசாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. கடையிலேயே ஒரு வருடம் சார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கும். மாற்றிக் கேளுங்கள், வேலை முடிந்தது.

#3 பழையஸ்பேனர்

தம்பி, அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். ஏற்கனவே இரண்டு சாமான் மாறிவிட்டது, இரண்டுக்கும் முன்னால் யாரும் எதையும் அளந்து பார்த்த மாதிரி தெரியவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். மெதுவாகச் சுற்றுவது வேறு, சரியான வேகத்தில் வெகு நேரம் சுற்றிவிட்டுப் பிடிப்பது வேறு. இரண்டாவது என்றால் பெட்ரோல் பிரஷர், பிளக், சென்சார் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். டக் என்று ஒரே சத்தத்தோடு நின்றுவிட்டால் அது இன்னொரு கதை, சோலனாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட்டை இணைத்துவிடும் மின்காந்த சுவிட்ச்) பக்கம். உங்களுடையது உண்மையிலேயே மெதுவாகச் சுற்றுகிறதா? சாவி திருப்பும்போது டேஷ்போர்டு விளக்குகள் எவ்வளவு மங்குகின்றன? அணைகிற அளவுக்கா, கொஞ்சமாகவா?

#4 சாவித்துவாரம்

மெதுவாகத்தான் சுற்றுகிறது, அண்ணே. நண்பர் ஒருவரிடம் இருந்த ஓபிடி கருவியை (காரின் கம்ப்யூட்டரைப் படிப்பது) மாட்டிப் பார்த்தோம், சூடாக இருக்கும்போது சுற்றும் வேகம் நிமிடத்துக்கு 135 சுற்று என்று காட்டியது. விளக்கு பெரிதாக மங்கவில்லை. உண்மையைச் சொன்னால் அதுதான் எனக்குப் புரியவில்லை, பழைய பேட்டரி படுத்தபோதெல்லாம் விளக்கு சிவந்து போகும்.

#5 வோல்ட்மீட்டர்

135 குறைவுதான். நல்ல நிலையில் இருக்கும் சின்ன பெட்ரோல் என்ஜின் கிட்டத்தட்ட 200 சுற்றில் சுற்ற வேண்டும், கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

12.6 என்பது பேட்டரி சும்மா இருக்கும்போது காட்டும் எண். அது நிரம்பியிருக்கிறது என்று மட்டும் சொல்லும், பலம் இருக்கிறதா என்று சொல்லாது. (12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசி என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். ஓட்டிவிட்டு வந்தவுடன் அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றும், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டு அளக்க வேண்டும்.) செல்ஃப் ஒரு நூறு, நூற்றைம்பது ஆம்பியர் உறிஞ்சும்போது பேட்டரி எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயக் குமிழ்களிலேயே வையுங்கள், அவற்றைக் கவ்வியிருக்கும் ஒயர் கிளாம்ப்பில் வேண்டாம். ஒருவர் சாவியைத் திருப்பட்டும், நீங்கள் எண்ணைப் பாருங்கள். முதல் நொடியில் சட்டென்று விழுந்து எழுவதைச் சாதாரண மீட்டரால் பிடிக்க முடியாது, அதை விடுங்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போது எங்கே நிலைக்கிறது என்று பாருங்கள். 9.6-க்குக் கீழே போகக் கூடாது, நல்ல பேட்டரி பெரும்பாலும் 10-க்கு மேலேயே நிற்கும்.

#6 எல்போர்டு

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எண்ணைப் பார்ப்பதற்குள் என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடாதா?

#7 பழையஸ்பேனர்

ஆகும். அதனால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, ஏற்கனவே பைப்பில் இருக்கும் பெட்ரோல் தீரும் வரை ஒருமுறை ஓடவிட்டு, பிறகு சோதிக்க வேண்டும். பல இன்ஜெக்‌ஷன் கார்களில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு சாவி திருப்பினால் பெட்ரோல் தெளிக்காது, அந்த வழியும் உண்டு, ஆனால் எல்லாக் காரிலும் வேலை செய்யாது. ஃபியூஸ்தான் நிச்சயம். நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்திருக்க வேண்டும், கை, துணி, ஒயர் எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவில் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். செல்ஃப் மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்குச் செய்ததல்ல, சூடேறிக் கருகிவிடும்.

#8 சாவித்துவாரம்

பார்த்துவிட்டேன். ஓட்டிவிட்டு வந்து சூடாக இருக்கும்போதே பார்த்தேன், தம்பிதான் சாவி திருப்பினான். சும்மா இருக்கும்போது 12.6, சுற்றும்போது 11.1. மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதே எண்.

#9 வேகத்தடை

அப்படியென்றால் பேட்டரி நல்லாத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். செல்ஃப் போய்விட்டது. புதிது போடுங்கள்.

#10 வோல்ட்மீட்டர்

பொறுங்கள். 11.1 சும்மா பாஸ் மார்க் இல்லை, அது ஒரு துப்பு. இதை இப்படிப் பாருங்கள்: என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரி 9-க்கும் கீழே விழுந்தால் இரண்டில் ஒன்று. பேட்டரிக்குச் சத்து இல்லை, அல்லது எதுவோ இறுகிப்போய்ச் செல்ஃப் அளவுக்கு மேல் கரண்ட்டை உறிஞ்சுகிறது. ஆனால் என்ஜினும் மெதுவாகச் சுற்றுகிறது, பேட்டரியும் அலட்டிக்கொள்ளாமல் 11-ல் நிற்கிறது என்றால், பேட்டரியிடம் யாரும் பெரிதாகக் கேட்கவே இல்லை என்று அர்த்தம். கொடுக்கத் தயாராக இருக்கிறது, வழியில் எங்கோ அடைப்பு. அந்த அடைப்பு செல்ஃபுக்கு உள்ளேயும் இருக்கலாம் (கார்பன் ஒட்டாமல் இருப்பது, சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தகடு கருகிப்போவது), வெளியே ஒயரிலும் இருக்கலாம். விளக்கு மங்காததற்கும் காரணம் இதுதான்.

செல்ஃபைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒயரைச் சோதிப்பது பத்து நிமிட வேலை. மீட்டரை 20 வோல்ட் டிசி-யில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் பிளஸ் குமிழில், இன்னொரு முனை செல்ஃபில் தடித்த ஒயர் வந்து முடுக்கியிருக்கும் போல்ட்டில். சும்மா இருக்கும்போது 0 காட்டும், அது முக்கியமில்லை. சுற்றும்போது வருவதுதான் அந்த ஒயர் விழுங்கிய வோல்ட். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அப்புறம் அதே மாதிரி மைனஸ் பக்கம்: பேட்டரியின் மைனஸ் குமிழிலிருந்து என்ஜினின் வெற்று உலோகத்துக்கு. இது 0.2, மிஞ்சிப்போனால் 0.3.

ஓம் மீட்டரை வைத்து ஒயர் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அத்தனை இழை செம்பில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் ஓம் மீட்டர் 0 என்றுதான் காட்டும். நூறு ஆம்பியர் ஓடும்போதுதான் வேஷம் கலையும்.

#11 டீசல்காரன்

இழையைத் திசை திருப்புகிறேன் என்று திட்டாதீர்கள். எனக்கும் அதே நோய்தான், ஆனால் நேர் தலைகீழ். டீசல் வண்டி, 65 ஆம்பியர் அவர் பேட்டரி, தினமும் ஓட்டினால் சுகமாக எடுக்கிறது. மூன்று நாள் நிறுத்திவிட்டு வந்தால் முக்குகிறது, விளக்கும் மங்குகிறது. ஓட்டிய பிறகு சரியாகிவிடுகிறது. இதுவும் ஒயர் அடைப்பா?

#12 பழையஸ்பேனர்

உங்களுடையது கசிவு. நிற்கும்போது எதுவோ ஒன்று ராத்திரி பகலாகக் கரண்ட்டைத் தின்கிறது. ஒயர் அடைப்பு என்றால் மூன்று நாள் என்ன, மூன்று நிமிடம் நிறுத்தினாலும் முக்கும்.

முதலில் என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.7-க்குள் வருகிறதா என்று பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழித்துவிடுங்கள். (சில புது வண்டிகளில் கம்ப்யூட்டர் வேண்டுமென்றே குறைக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.) பிறகு வண்டியைப் பூட்டி, மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் குமிழுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து அரை மணி நேரம் சும்மா விடுங்கள். வண்டியில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தூங்கப் போவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். அதன்பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். கூட இருந்தால் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கும்போது எண் சரிகிறதோ அங்கேதான் திருடன். மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டருக்குள் ஃபியூஸ் போய்விடும்.

#13 சாவித்துவாரம்

முடிவு வந்துவிட்டது, ஆனால் குழப்பம்தான் கூடியது. பிளஸ் பக்கம் சுற்றும்போது 0.25. மைனஸ் பக்கம் 0.05. இரண்டுமே பாஸ். அப்படியானால் செல்ஃப்தானா?

#14 வேகத்தடை

நான் முதலிலேயே சொன்னேன். சரி, இரண்டாவதாகச் சொன்னேன்.

#15 வோல்ட்மீட்டர்

ம்ம். இந்த எண்கள் சரியென்றால் செல்ஃபின் உள்ளேதான். என்ஜின் இறுகியிருக்கிறதா என்று கேட்கலாம், ஆனால் அப்படி இருந்தால் செல்ஃப் கரண்ட்டை அள்ளி இழுக்கும், பேட்டரி 11.1-ல் நிற்காது. ஒயரைச் சுற்றிக் கவ்வி டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் ஒரே அளவில் தெரிந்துவிடும்: மெதுவான சுற்றும் அதிக ஆம்பியரும் சேர்ந்தால் எங்கோ இறுக்கம், மெதுவான சுற்றும் குறைந்த ஆம்பியரும் சேர்ந்தால் வழியில் தடை.

இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். சமீபத்தில் கெட்டியான ஆயில் ஏதாவது மாற்றினீர்களா? பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் புல்லி, ஏசி புல்லி எல்லாம் கையால் சுற்றினால் சுற்றுகின்றனவா? கூலன்ட் குறைகிறதா? கூலன்ட் குறைந்து, சுற்றும்போது திடீரென்று சுவரில் மோதினாற்போல நின்றால் அது சிலிண்டருக்குள் தண்ணீர், அப்போது மேற்கொண்டு சாவி திருப்பவே கூடாது, கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

#16 சாவித்துவாரம்

ஆயில் கையேட்டில் சொன்னதுதான். கூலன்ட் குறையவில்லை. பெல்ட்டை இன்னும் கழற்றவில்லை, நாளை பார்க்கிறேன்.

#17 பழையஸ்பேனர்

பெல்ட்டை விடுங்கள். அந்த 0.05-தான் என் கண்ணை உறுத்துகிறது. பிளஸ் பக்கமே 0.25 விழுங்கும் வண்டியில் மைனஸ் பக்கம் இவ்வளவு சுத்தமாக இருக்காது. மைனஸ் அளக்கும்போது மீட்டரின் இன்னொரு முனையை எங்கே வைத்தீர்கள்? படம் போட்ட மாதிரி சொல்லுங்கள்.

#18 சாவித்துவாரம்

பானெட்டைத் திறந்தால் வலது ஓரத்தில் மூன்று நட்டு வட்டமாக இருக்குமே, சஸ்பென்ஷன் மேல்முனை, அந்த நட்டில் வைத்தேன். என்ஜின் மேலெல்லாம் பிளாஸ்டிக் மூடி, கறுப்புப் பெயின்ட், உலோகமே கண்ணில் படவில்லை. நட்டு பளபளவென்று இருந்தது. எல்லாம் ஒரே எர்த் தானே என்று...

#19 பழையஸ்பேனர்

அங்கேதான் கோட்டை விட்டீர்கள். அது பாடி. என்ஜினும் கியர்பாக்ஸும் பாடியைத் தொடவே தொடாது, நாலு பக்கமும் ரப்பர் மவுன்ட் மேல் உட்கார்ந்திருக்கும். ரப்பரில் கரண்ட் ஓடுமா? பேட்டரி மைனஸுக்கும் என்ஜினுக்கும் இருக்கும் ஒரே உறவு ஒரு எர்த் ஒயர்தான், சில வண்டிகளில் இரண்டு. செல்ஃபுக்குத் தனியாக மைனஸ் ஒயர் கிடையாது, அதன் உடம்புதான் மைனஸ், கியர்பாக்ஸில் போல்ட் போட்டு நிற்பதால் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அளந்தது பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவில். அந்த வழியாகச் செல்ஃப் கரண்ட் போவதே இல்லை, அப்புறம் அது எப்படிக் குறை சொல்லும்?

செல்ஃபின் உடம்பிலேயே வையுங்கள், இல்லையென்றால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில். முனையை அழுத்தித் திருகி, பெயின்ட்டைக் கீறி உள்ளே இறங்கட்டும்.

#20 சாவித்துவாரம்

அண்ணே!!!

3.3.

மூன்று புள்ளி மூன்று. முதலில் மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து, வேறு போல்ட்டில் வைத்துப் பார்த்தேன், அங்கும் 3.2, 3.3.

#21 வோல்ட்மீட்டர்

என் மேலும் தப்பு, 'என்ஜினின் வெற்று உலோகம்' என்று சொல்லிவிட்டு எங்கே என்று விளக்காமல் போய்விட்டேன். கணக்கைப் பாருங்கள்: பேட்டரி தருவது 11.1, பிளஸ் ஒயரில் 0.25 போகிறது, எர்த்தில் 3.3 போகிறது. செல்ஃபுக்கு மிஞ்சுவது 7.5 சொச்சம். பாவம், அது அதற்கு மேல் எப்படிச் சுற்றும்.

இனி அந்த 3.3 எங்கே ஒளிந்திருக்கிறது என்று துண்டு துண்டாகத் தேடலாம். மைனஸ் குமிழிலிருந்து கிளாம்ப்புக்கு, கிளாம்ப்பிலிருந்து ஒயரின் அடுத்த முனையில் இருக்கும் லக்குக்கு (போல்ட் நுழையும் உலோக வளையம்), லக்கிலிருந்து கியர்பாக்ஸ் உலோகத்துக்கு. எந்தத் துண்டில் எண் குதிக்கிறதோ அதுதான்.

#22 பழையஸ்பேனர்

அதற்கு முன் மனத்திருப்திக்கு ஒன்று செய்யுங்கள். ஜம்பர் கேபிள் இருந்தால் கறுப்பை மட்டும் எடுங்கள், சிவப்பை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஒரு முனை பேட்டரி மைனஸ், மறுமுனை என்ஜினைத் தூக்க மாட்டும் இரும்புக் கொக்கி. சாவியைத் திருப்புங்கள். சுருக்கென்று சுற்றினால் எர்த்தான், வழக்கு முடிந்தது.

அப்புறம் இன்னொரு கேள்வி. கொஞ்ச நாளைக்கு முன் கியர்பாக்ஸை யாராவது இறக்கினார்களா? கிளட்ச் வேலை மாதிரி?

இதை ஏன் கேட்கிறேன் என்றால், வெகு வருடத்துக்கு முன் ஒரு வண்டி வந்தது. கியர் போட இறுக்கமாக இருக்கிறது என்று புகார், ஸ்டார்ட்டிங் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கியர் கேபிளைக் கழற்றினால் மேல் உறை உருகி உள்கம்பியோடு ஒட்டிக்கிடக்கிறது. கேபிள் மாற்றினோம், ஒரு மாதத்தில் திரும்பி வந்தது, அதே உருகல். பிறகுதான் எர்த் ஒயரைப் பார்த்தோம், அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் செல்ஃப் கரண்ட் முழுவதும் வேறு வழியில்லாமல் அந்தக் கியர் கேபிள் வழியாகத்தான் பாடிக்குப் போயிருக்கிறது. சூடாகாமல் என்ன செய்யும்.

#23 சாவித்துவாரம்

கிளட்ச் பிளேட் மாற்றினேன், நாலு மாதம் முன்பு. தொல்லை தொடங்கியது மூன்று மாதத்துக்கு மேல். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை, கிளட்சுக்கும் ஸ்டார்ட்டிங்குக்கும் என்ன சம்பந்தம் என்று முதல் பதிவில் எழுதாமல் விட்டுவிட்டேன்.

ஜம்பர் கேபிள் பக்கத்து வீட்டில் வாங்கினேன். மாட்டித் திருப்பினேன். சர்ர்ரென்று சுற்றியது, தம்பி பயந்து சாவியை விட்டுவிட்டான்.

#24 எல்போர்டு

படிக்கப் படிக்க துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. நிறுத்தாதீர்கள்.

#25 டீசல்காரன்

என் பக்கத்துச் சேதி. அரை மணி கழித்தும் 0.4 ஆம்பியர் இறங்கவில்லை. ஃபியூஸ் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்ததில், பின்னால் போட்ட பாட்டு ஆம்ப்ளிஃபயர். வண்டியை அணைத்தாலும் அது தூங்காமல் விழித்திருக்கிறது. 0.4 ஆம்பியர் 72 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 29 ஆம்பியர் அவர், 65-ல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு! அதற்கு வரும் ஆன்-ஆஃப் ஒயரை நேரடிக் கரண்ட்டில் கொடுத்திருக்கிறார்கள், சாவியோடு வரும் ஒயருக்கு மாற்றினேன். இப்போது 0.03. நன்றி அண்ணே, நான் கிளம்புகிறேன், ஆனால் இழையைப் படித்துக்கொண்டுதான் இருப்பேன்.

#26 பழையஸ்பேனர்

அடிக்கடி பாதிக்கு இறங்கிய பேட்டரிக்கு ஆயுசு குறைந்துதான் இருக்கும். ஒருமுறை சார்ஜரில் மெதுவாக முழுக்க ஏற்றிவிடுங்கள், ஓட்டத்தில் ஏறும் என்று விடாதீர்கள்.

#27 சாவித்துவாரம்

இன்று காலை காருக்கு அடியில் போனேன். முதலில் துண்டு துண்டாக அளந்ததை எழுதிவிடுகிறேன்: குமிழ் - கிளாம்ப் 0.02. கிளாம்ப் - கீழே இருக்கும் லக் 0.15. லக் - கியர்பாக்ஸ் 3.1. லக்கின் மேல் ஒரு முனை, அரை அங்குலம் தள்ளிக் கியர்பாக்ஸில் மறுமுனை, நடுவில் 3.1 வோல்ட். அரை அங்குலத்தில்!

மைனஸ் கிளாம்ப்பை முதலில் கழற்றிவிட்டுத்தான் கை வைத்தேன். போல்ட் 12 நம்பர் ஸ்பேனரில் கிட்டத்தட்டக் கைமுறுக்கு, கால் சுற்று இறுக்கம்கூட இல்லை. எடுத்துப் பார்த்தால், லக் நேராகக் கியர்பாக்ஸ் அலுமினியத்தில் உட்காரவே இல்லை. நடுவில் ஏதோ ஒயர் கிளிப் பிடிக்கும் ஒரு தகடு, முழுக்கக் கறுப்புப் பெயின்ட். வரிசை மாறிவிட்டது போலிருக்கிறது, தகடு மேலே வர வேண்டியது கீழே போயிருக்கிறது. கரண்ட் போவதற்கு இருந்த வழி போல்ட்டின் மரை மட்டும்தான், அதிலும் பாதி சீலன்ட் பசை அப்பியிருக்கிறது. லக்கின் ஒரு விளிம்பில் நகம் அளவுக்கு நீலமும் கறுப்புமாக வெந்திருக்கிறது, மேலே பூசிய ஈயம் உருகி ஒரு பொட்டாகத் திரண்டு நிற்கிறது. மரைக்குள் பச்சைக் களிம்பு.

தகட்டை எடுத்து மேலே போட்டேன். லக்கின் இரு முகத்தையும் அலுமினியத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, மரையைப் பிரஷ் போட்டுத் துடைத்து, முடுக்கிவிட்டு, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மைனஸ் கிளாம்ப்பைக் கடைசியாக மாட்டினேன்.

#28 வோல்ட்மீட்டர்

ஈயம் உருகியதில் ஆச்சரியம் இல்லை. ஒரு 120 ஆம்பியர் ஓடியது என்று வைத்தால் 3.1 வோல்ட்டுக்கு 370 வாட் வருகிறது. 60 வாட் சால்டரிங் அயர்ன் ஆறைச் சேர்த்து அந்த ஒரு விளிம்பில் பிடித்த மாதிரி, ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் சில நொடி.

#29 எல்போர்டு

ஒரு சந்தேகம். லூஸ் என்றால் எப்போதுமே லூஸ் தானே, காலையில் மட்டும் ஏன் நன்றாக எடுத்தது?

#30 வோல்ட்மீட்டர்

நல்ல கேள்வி. இரண்டு மூன்று விஷயம் ஒன்று சேர்கிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் ஏறும், சூடான என்ஜின் பக்கத்தில் உட்கார்ந்து 50 டிகிரி கூடினால் செல்ஃபுக்குள் இருக்கும் சுருளின் தடையே ஐந்தில் ஒரு பங்கு ஏறிவிடும். அரைகுறையாகத் தொடும் இணைப்பு சூட்டில் இரும்பும் அலுமினியமும் வெவ்வேறு அளவில் விரிவதால் இன்னும் மோசமாகும். நல்ல எர்த் இருக்கும் வண்டி இதையெல்லாம் காட்டிக்கொள்ளாது, கையில் மிச்சம் இருக்கிறது. ஏற்கனவே மூன்று வோல்ட்டைத் தொலைத்த வண்டிக்கு அந்த மிச்சம் இல்லை.

ஆனால் காலையில் 'நன்றாக' எடுத்ததா என்பதே எனக்குச் சந்தேகம்தான்.

#31 சாவித்துவாரம்

சந்தேகம் சரி. இன்று காலை ஸ்டார்ட் செய்தபோதுதான் தெரிந்தது, இத்தனை நாள் காலையிலும் முக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, என் காது அதற்குப் பழகிவிட்டது.

இப்போதைய எண்கள், சூடாக இருக்கும்போது எடுத்தது: எர்த் பக்கம் 0.22, பிளஸ் பக்கம் 0.3, சுற்றும் வேகம் 185. ஒன்று மட்டும் இடிக்கிறது. பேட்டரி சுற்றும்போது முன்பு 11.1 இருந்தது, இப்போது 10.6-க்கு இறங்குகிறது. சரிசெய்ததில் பேட்டரிக்கு ஏதும் ஆகிவிட்டதா?

#32 வேகத்தடை

பாருங்கள், பேட்டரி!

#33 பழையஸ்பேனர்

உங்களை என்ன செய்வது என்றே தெரியவில்லை :)

சாவித்துவாரம், அது நல்ல அறிகுறி. முன்பு குழாயை முக்கால்வாசி மூடிவைத்திருந்தீர்கள், தொட்டியில் தண்ணீர் இறங்கவில்லை. இப்போது குழாய் திறந்திருக்கிறது, செல்ஃப் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேகமாகச் சுற்றுகிறது, அதனால் பேட்டரி கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது. பிளஸ் பக்கமும் 0.25-லிருந்து 0.3 ஆனதைக் கவனித்தீர்களா, அதுவும் இதே காரணம்தான். செல்ஃபுக்குக் கிடைப்பதைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள்: முன்பு 7.5, இப்போது 10-க்கு மேல்.

ஒரு மாதம் கழித்து அந்தப் போல்ட்டை ஒருமுறை ஸ்பேனர் போட்டு முறுக்கிப் பாருங்கள், எர்த் பக்கத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். அலுமினிய மரை, பலம் பார்க்காதீர்கள்.

#34 சாவித்துவாரம்

செய்கிறேன் அண்ணே. செல்ஃபிலிருந்து கழற்றிய பழைய கார்பன் நாலும் ஒரு கவரில் போட்டு டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்தது, இப்போதுதான் எடுத்து ஸ்கேல் வைத்து அளந்தேன். கவரில் புது செட்டின் அட்டையும் இருந்தது, அதில் 13 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறது. பழையது நாலும் 11.

#35 பழையஸ்பேனர்

பத்திரமாக வைத்திருங்கள். இன்னும் ஐந்தாறு வருடத்துக்கு அதையே போடலாம்.